பதினான்கு பிள்ளைகளும் என் காளான் இடமும்

என் தங்கை எல்வீரா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை மூன்றாவது முயற்சியில் ஜெயித்தாள். எங்கள் ஊர்ப் பாலர் பள்ளிச் சமையலறையில் முப்பத்திரண்டு வருஷம் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு, ஐம்பத்தோரு வயதில், தன் மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து, உதவி ஆசிரியைச் சான்றிதழ் வாங்கினாள். அதற்கும் ஐந்து வருஷம் கழித்து, மழையோ மூடுபனியோ, இலையுதிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வெளியில்தான் வகுப்பு என்ற அனுமதியை வாங்கினாள். அதைத் தலைமை ஆசிரியை ஒருவர், பெற்றோர் ஒன்பது பேர், டாக்டர் ஒருவர் என்று பதினோரு பேரை எதிர்த்து வாங்கினாள். பன்னிரண்டாவது ஆளாக நானும் எதிர்த்தேன். இவற்றில் ஏதாவது ஒன்றில் நான் உதவினேன் என்று எழுத இடம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் பெயர் ரோமுவால்தாஸ். அவளைவிட ஏழு வயது மூத்தவன். எட்டு வகுப்பு, பிறகு இரண்டு வருஷம் தொழிற்பள்ளி, பிறகு நாற்பத்து மூன்று வருஷம் ரயில்வேயில் டிராக்மேன். தினமும் பதினோரு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த போல்ட்டுகளைக் குறித்து வைத்து முறுக்குவது வேலை. 2017 ஆகஸ்டில் ஓய்வு கொடுத்தார்கள். செப்டம்பர் முதல் வாரம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் முறுக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. கதவுகள் திறக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டன.

அந்த நேரத்தில்தான் எல்வீராவோடு போகும் ஆயாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. காட்டுக்குப் போக இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்பது விதி.

"அண்ணே, சும்மாதானே இருக்க. வா."

"எனக்குப் பிள்ளைங்களப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். எண்ணத் தெரியுமில்ல? பதினாலு வரைக்கும் எண்ணு, போதும்."

முதல் நாள் நான் இருபத்திரண்டு ஆபத்துகள் கொண்ட ஒரு பட்டியலோடு போனேன். உண்ணி, குளவி, வழுக்கும் வேர், விஷக் காளான், முள்கம்பி என்று வரிசையாக எழுதியிருந்தேன். எல்வீரா அதை வாங்கிப் படித்துவிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, அன்றைக்கு யார் யார் மூக்கைச் சிந்தவில்லை என்று குறித்துக்கொண்டாள்.

அவளுடைய வகுப்பு இப்படி. பதினான்கு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். ஊர் எல்லையில் ஓக் மரங்கள் நிற்கும் மேட்டை அடைந்ததும் கயிற்றை விட்டுவிடலாம். அதன்பிறகு அவள் பாடம் எதுவும் நடத்தி நான் பார்த்ததில்லை. குட்டைகளின் ஆழத்தைப் பூட்ஸை வைத்து அளப்பார்கள். தண்ணீர் பூட்ஸுக்குள் வந்துவிட்டால் அது ஆழமான குட்டை, வராவிட்டால் ஆழமில்லாத குட்டை. பதினான்கு பேரும் தனித்தனியே அளந்து உறுதிப்படுத்துவார்கள். ஓக் கொட்டையில் தீக்குச்சி செருகி மனிதர்கள் செய்வார்கள். தெற்கே போகும் கொக்குகளை எண்ணுவார்கள். எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால் அந்த வருஷம் எங்கள் ஊர் வழியாக ஏராளமான கொக்குகள் போயின. வெள்ளிக்கிழமைகளில் சாம்பலில் உருளைக்கிழங்கு சுட்டு, தோல் கருகக் கருக, உப்பு தொட்டுச் சாப்பிடுவார்கள்.

இலைக் குவியலில் குதிப்பதும் உண்டு. மேப்பிள் இலைகளைக் கூட்டி இடுப்பளவு குவிப்பார்கள். மூன்றாம் நாள் காயுஸ் என்ற நாலரை வயதுப் பையன் என்னிடம் வந்தான். அதுவரை யாரிடமும் பேசாதவன், மழைத்துளி பட்டாலே அழுபவன்.

"தாத்தா, நீ ஏன் குதிக்கல? பயமா?"

மாமா என்று கூப்பிடுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். தாத்தா என்றதில் ரோஷம் வந்து, ஓடிவந்து குதித்தேன். குவியலுக்கடியில் ஒரு மரக்கட்டை இருந்தது. என் பட்டியலில் அது இல்லை. நான்கு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன். காயுஸ் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தான் என்று எல்வீரா சொன்னாள். அந்த மட்டுக்கும் பயன்பட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி அந்த இலையுதிர்காலத்துக்கு மட்டும், அதிலும் ஒரு நிபந்தனை. அதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தவர் லிகீதா. மருந்துக்கடையில் வேலை செய்பவர், காயுஸின் அம்மா. மதியம் பன்னிரண்டுக்குள் பிள்ளைகள் திரும்பிவிட வேண்டும். ஒரே ஒரு நாள் தாமதமானாலும், பெற்றோர் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தால், வெளி வகுப்பு அதோடு ரத்து. பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து காகித இலைக்கு வண்ணம் தீட்டுவார்கள். எல்வீரா சமையலறைக்குத் திரும்புவாள். அவளுடைய கத்தியையும் முக்காலியையும் அங்கிருந்து இன்னும் யாரும் அகற்றவில்லை.

அக்டோபர் இரண்டாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம், எல்வீரா என் வீட்டுக்கு வந்தாள். ஓக் மேட்டில் மரம் வெட்டும் இயந்திரம் வந்துவிட்டதாம். ஒரு வாரத்துக்கு யாரும் போகக் கூடாதாம்.

"ரோடு தாண்டாம, கால் மணி நேரத்துல நடந்து போற மாதிரி வேற இடம் வேணும்ண்ணே. இல்லேன்னா உள்ளதான் உக்காரணும். ஒரு வாரம் உள்ள உக்காந்தா, இதுவே நல்லாருக்கேன்னு ஹெட் மேடம் முடிவு பண்ணிடுவாங்க."

எனக்கு அப்படி ஓர் இடம் தெரியும். பள்ளிக்குப் பின்னாலிருந்து நானூறு மீட்டர். சாலை இல்லை, சதுப்பு இல்லை. பழைய ஓக் மரங்கள் ஒன்பது, அவற்றைச் சுற்றிப் பாசி. அந்தப் பாசியில் பரவீகஸ் முளைக்கும். தடித்த வெள்ளைக் காலும் ரொட்டி நிறத் தொப்பியும் கொண்ட, காளான்களின் ராஜா. எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான், நோயைச் சொல்வான், மனைவியோடு போட்ட சண்டையைச் சொல்வான். பரவீகஸ் முளைக்கும் இடத்தைச் சொல்ல மாட்டான். 1968இல் அப்பா எனக்கு அந்த இடத்தைக் காட்டியபோது, "தங்கச்சிகிட்ட சொல்லாத. அவ இன்னொரு வீட்டுக்குப் போறவ. அவளோட காளானும் போயிடும்" என்றார். எல்வீராவுக்கு அப்போது ஏழு வயது. அவள் கல்யாணம் செய்துகொண்டு போன வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. இருந்தும் நாற்பத்தொன்பது வருஷம் சொல்லாமல் காப்பாற்றினேன். சனிக்கிழமைதோறும் விடிவதற்கு முன் கூடையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, எதிர்த் திசையில் கிளம்பிச் சுற்றிக்கொண்டு போவேன். எத்தனை கிடைத்தது என்று நோட்டில் எழுதுவேன். சில வருஷங்களாக எண்ணிக்கை குறைந்துவந்தது. அதற்கு நிலவின் நிலையைக் காரணமாகக் கண்டுபிடித்து ஒரு அட்டவணையும் போட்டிருந்தேன்.

எல்வீரா அந்த இடத்தைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் இல்லை. மேஜையில் வைத்த டீயைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான்தான், "நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா என் வழியிலதான் வரணும்" என்றேன். இந்தப் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நல்ல மூடுபனி. நான் இரண்டு நிபந்தனை போட்டேன்.

"ஃபோனை அணைச்சுடு."

"எதுக்கு?"

"இடத்தைக் காட்டிக் குடுத்துடும்."

"இது பொத்தான் ஃபோன்ண்ணே. இதுல டார்ச் மட்டும்தான் ஒழுங்கா எரியும்."

அணைத்துவிட்டாள். இரண்டாவது நிபந்தனையை அவளிடம்கூடச் சொல்லவில்லை. நானூறு மீட்டரை நேராகப் போனால் பிள்ளைகள் வழியைக் கற்றுக்கொள்வார்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள். அதனால் சுற்றிக் குழப்பிக் கூட்டிப்போவது என்று முடிவுசெய்து, முதல் நாள் இரவே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். உடைந்த வேலியில் இடது பக்கம், பிர்ச் மரத்தோப்பை ஒரு சுற்று, பிறகு இளம் பைன் தோட்டத்துக்குள் வலது, மறுபடி வலது, இடது.

பிள்ளைகளுக்கு அந்த நடை பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலந்தி வலை ஒவ்வொன்றிலும் பனித்துளி கோத்திருந்தது. எல்வீரா ஒவ்வொரு வலையின் முன்னாலும் கயிற்றை நிறுத்தி, "வீட்டுக்காரர் உள்ள இருக்காரா பாருங்க" என்பாள். இருந்தால் எல்லோரும் வணக்கம் சொல்ல வேண்டும். ஒரு தவளைக்குப் பதினான்கு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பைன் தோட்டத்தில் மூடுபனிக்குள் மூச்சை ஊதி, யாருடைய ஆவி பெரியது என்று போட்டி நடந்தது. வரிசையில் முதலாவதாக வந்த ஊப்பே என்ற ஐந்து வயதுப் பெண் மட்டும் அடிக்கடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

பைன் தோட்டம் என்றால் அரசாங்கம் நட்டது. எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. என் காகிதம் ஈரத்தில் ஊறி, வலதும் இடதும் ஒரே நீலக் கறையாகிவிட்டிருந்தது. தண்டவாளத்தில் இரண்டு திசைதான். நாற்பத்து மூன்று வருஷமாக எனக்கு அந்த இரண்டும் நன்றாகத் தெரியும். இங்கே அதைவிடக் கூடுதலாக இருந்தன.

பதினொன்று இருபதுக்கு ஒரு பெரிய தவளையைப் பார்த்தோம். காலையில் வழிவிட்ட அதே தவளை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதற்கும் வணக்கம் சொன்னார்கள்.

எல்வீரா கயிற்றின் கடைசியிலிருந்து என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்ட வந்துட்டோம்."

"எதுக்குக் கிட்ட?"

நான் ஈரக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தாள். ஃபோனை எடுத்து ஆன் செய்தாள், பிறகு பையில் போட்டுவிட்டாள்.

"யாரையாவது கூப்பிடேன்" என்றேன்.

"கூப்பிட்டா எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? மரத்துக்குப் பக்கத்துலன்னா?"

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. மணியைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு துண்டு கறுப்பு ரொட்டி கொடுத்து, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாருமே காட்டில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"தாத்தாவுக்கும் எனக்கும் வழி தெரியல. உங்கள்ல யாருக்காவது இந்த இடம் தெரியுமா?"

ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஊப்பே. "ஆனா சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"எனக்கும் தெரியும்" என்றான் யோரிஸ். "எங்கப்பா சத்தியம் வாங்கியிருக்கார்."

இன்னும் மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவதாகக் காயுஸ், ரொட்டியைப் பிடித்த கையையே உயர்த்தினான். பதினான்கு பேரில் ஆறு பேர். ஒன்றரை மணி நேரமாக இவர்களைத்தான் நான் குழப்பிக்கொண்டிருந்தேன்.

"எந்த இடத்தைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"ஒம்போது பெரிய மரம் இருக்கிற இடம். அங்கதானே போறோம்?" என்றாள் ஊப்பே. "ஆனா நாங்க சனிக்கிழமை போக மாட்டோம். சனிக்கிழமை ரோமுவால்தாஸ் தாத்தா வருவாராம். பாத்தா பாவம், மனசு ஒடைஞ்சுடுமாம். அதனால வெள்ளிக்கிழமையே போயிடுவோம்."

என் நிலவு அட்டவணையின் கதை அத்தோடு முடிந்தது.

எல்வீரா சிரிக்கவில்லை. ஊப்பேயின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட குடுத்த வாக்க மீற வேண்டாம்டா கண்ணு. வாயால எதுவும் சொல்ல வேணாம். முன்னால நடந்து போறியா? நாங்க பின்னால வரோம்."

ஊப்பே கொஞ்ச நேரம் யோசித்தாள். யோரிஸோடு கலந்தாலோசித்தாள். பிறகு எழுந்து, வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு நடந்தாள். பதின்மூன்று பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களும் பின்னால் போனோம். ஓக் மரங்களுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஏழு.

தாமதம் ஆகிவிட்டது. நான் பிள்ளைகளைக் கயிற்றுக்கு விரட்டினேன்.

"விடுண்ணே" என்றாள் எல்வீரா. "ஏழு நிமிஷத் தாமதத்துக்கும் அதே தண்டனைதான், நாப்பது நிமிஷத் தாமதத்துக்கும் அதே தண்டனைதான். இது கடைசி நாளா இருந்தா, அவங்க இத நல்லாப் பாத்துட்டே போகட்டும்."

அவளும் பார்த்தாள். ஒன்பது மரங்களையும் ஒவ்வொன்றாக. அவளுக்கு உண்மையிலேயே அந்த இடம் புதியது. அதுதான் எனக்கு விளங்க நேரம் எடுத்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த இடம் அவளுக்கு மட்டும் தெரியாது. ஆறு வீடு தள்ளி இருந்துகொண்டு, சனிக்கிழமை காலைகளில் என் கதவுச் சத்தம் கேட்கும்போது அவள் ஜன்னல் பக்கம்கூட வந்ததில்லை. அண்ணன் வேண்டாம் என்று நினைக்கிறான், அவ்வளவுதான் அவளுக்கு.

பாசியில் பதினோரு பரவீகஸ் இருந்தன. பிள்ளைகள் முழங்காலிட்டு, ஒரு விரலால் தொப்பியைத் தொட்டார்கள். மோந்தார்கள். மழை, ரொட்டி, நாய்க்குட்டி என்று ஆளுக்கொரு வாசனை சொன்னார்கள். என் கத்தியை எல்வீராவிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக அறுத்துக் கூடையில் வைத்தாள். அறுத்த இடத்தைப் பாசியால் போர்த்தும் வேலை காயுஸுக்கு. குளிரக் கூடாது என்று தன் கையுறையை வைத்து ஒன்றை மூடினான். திரும்ப வாங்க நாங்கள் சிரமப்பட்டோம்.

பள்ளி வாசலை அடைந்தபோது பன்னிரண்டு நாற்பத்தேழு. தலைமை ஆசிரியை பெர்னாதேதா மேடமும் லிகீதாவும் படியில் நின்றிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க போயிருந்தீங்க?" என்றார் லிகீதா.

பதினான்கு பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. லிகீதா குனிந்து மகனைக் கேட்டார். "காயுஸ், எங்கடா போனீங்க?"

"சொல்லக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க."

லிகீதா நிமிர்ந்தார். கூடையைப் பார்த்தார். ஓக் அடியில் முளைக்கும் பரவீகஸின் தொப்பிக்குத் தனி நிறம் உண்டு, தெரிந்தவர்களுக்கு ஒரு பார்வை போதும். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"தப்பு என்மேல" என்றேன். "நான்தான் வழி தவறவிட்டேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே" என்றார் லிகீதா, என்னைக் குற்றம் சாட்டுவதுபோல.

மேடம் எங்களை அலுவலறைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் வெளியே போனால் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கே போனார்கள், எப்போது திரும்பினார்கள், யார் பொறுப்பு என்று மூன்று கட்டம். வாசலுக்குப் பக்கத்தில் தொங்கும், பெற்றோர் எல்லோரும் படிப்பார்கள். சான்றிதழ் வந்து ஐந்து வருஷமாகியும் பொறுப்புக் கட்டத்தில் எல்வீராவுக்காக மேடமே கையெழுத்துப் போட்டுவந்தார். பிள்ளைகள் திரும்பி வந்ததும் போடுவார்.

அன்றைக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "இதுல நான் போட மாட்டேன்" என்றார் மேடம். "நாப்பத்தேழு நிமிஷத்துக்கு நான் பொறுப்பில்ல."

"பன்னண்டுன்னு எழுதிடலாமே" என்றேன், நாற்பத்து மூன்று வருஷம் ஒரு போல்ட்டைக்கூடப் பொய்யாக எழுதாத நான்.

எல்வீரா என்னைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்து, திரும்பிய நேரம் 12.47 என்று எழுதினாள். பிறகு லிகீதாவைப் பார்த்தாள். "புகார் எழுதணும்னா எழுதுங்கம்மா. உங்களுக்கு உரிமை இருக்கு. இடம் என்னன்னு முழுசா எழுதிடுறேன். வேலியிலேருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம்னு. அப்பத்தான் புகார் செல்லும்."

அவள் மிரட்டவில்லை. விதி அப்படித்தான், நேர்மையாகத்தான் சொன்னாள்.  லிகீதா வாசல் பக்கம் திரும்பி, பதிவேடு தொங்கும் ஆணியைப் பார்த்தார். மேடமும் அதே ஆணியைப் பார்த்தார். மேடம் எந்தக் கிழமை போகிறார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து காயுஸின் குரல் கேட்டது. இன்னொரு கிண்ணம் சூப் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இடத்துக்குக் காடுன்னு போடுங்க" என்றார் லிகீதா. "அது போதும்."

"அப்ப புகார்?" என்றார் மேடம்.

"என்ன புகார். பசியோட வந்திருக்கான், ரெண்டாவது கிண்ணம் கேக்குறான். நாளைக்குப் பன்னண்டுக்குள்ள வந்துடுங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தவர் கதவருகே நின்று, "நேர் வழியில போங்க" என்றார். அது எனக்குச் சொன்னது.

எல்வீரா இடம் என்ற கட்டத்தில் காடு என்று எழுதினாள். பொறுப்பு என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். எல்வீரா வலெந்துகெவிச்சியேனே என்று முழுப் பெயரையும் எழுதினாள். கணவர் வழி வந்த பெயர், நீளமானது. கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த நாளுக்கான கட்டத்துக்குள்ளும் போனது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தேன். பிழை இல்லை. 2017 அக்டோபர் 12, வியாழக்கிழமை.